உள்ளேயிருந்து விட்ட கயிறு

எங்கள் யார்டு கேட்டில் ரத்தம் கழுவுவதற்கென்றே தனியாக ஒரு பக்கெட் இருந்தது. பச்சை பிளாஸ்டிக் பக்கெட். கைப்பிடி உடைந்துபோய் கம்பி கட்டியிருக்கும். வாட்ச்மேன் அதில் டீ கிளாஸ் கழுவ மாட்டார். புதிதாக வந்த ஆள் யாராவது தெரியாமல் எடுத்தால், "அத்த வையி, அது மண்டைக்கு" என்பார். இதை நான் தமாஷுக்குச் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு மண்டையாவது அங்கே உடையும்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது அந்தக் கன்டெய்னர் யார்டு. ஏற்றுமதிப் பெட்டி ஏற்றி வருகிற டிரெய்லர்கள் அங்கே வந்து சீல் வாங்கிக்கொண்டுதான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். நான் கேட் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உள்ளே வருகிற வண்டியின் நம்பரை ஏற்றுகிற வேலை பார்த்தேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். பாலிடெக்னிக் படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவள் நான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து பஸ் மாறி மாறி வருவேன். அந்த இடத்தில் கழிவறைக்குப் போவதற்குக்கூட வாட்ச்மேனைத் துணைக்கு நிற்கச் சொல்ல வேண்டும். நூறு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. மரியாதையாகப் பேசினால் ஏறி மிதிப்பார்கள் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் மரியாதையாகப் பேசவில்லை.

வரிசை சில நாள் மூன்று கிலோமீட்டர் நீளம் நிற்கும். ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் திரும்பி வருகிற வண்டிகள், அதற்கப்பால் கடலுக்குப் போட்ட பாறை. வளைவில் ஒரு டிராபிக் போலீஸ் நிற்பார். யார்டுக்குள் இருபது வண்டி போய் முடிந்தால்தான் விசில் ஊதி அடுத்த இருபதை விடுவார். அப்போதுதான் வரிசை மொத்தமும் ஒரு தடவை நகரும். இருபது வண்டி உள்ளே போக ஒரு மணி நேரமும் ஆகும், நாலு மணி நேரமும் ஆகும். எப்போது விசில் வரும் என்று வரிசையில் நிற்கிற ஒருவனுக்கும் தெரியாது.

விசில் ஊதும்போது ஒரு வண்டியில் டிரைவர் இல்லையென்றால் அவ்வளவுதான். டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு யாரும் முன்னால் போக முடியாது. முன்னால் விழுகிற இடைவெளியில் மணலி ரோட்டிலிருந்து வருகிற வண்டிகள் புகுந்துவிடும். பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரு சுற்று போய்விடும். கப்பல் போய்விடும். ஓனர் சாவியைப் பிடுங்கிக்கொள்வான். அதனால் அடிப்பார்கள். வீல் ஸ்பேனர், ஜாக்கி ராடு, கையில் எது கிடைக்கிறதோ அது.

இதற்கு அவர்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். வண்டியை விட்டு இறங்குகிறவன் தன்னுடைய கைலியை இடது பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டுப் போவான். பக்கத்தில்தான் இருக்கிறேன், ஹாரன் அடித்தால் ஓடி வந்துவிடுவேன் என்று அதற்கு அர்த்தம். கைலி தொங்கினால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் பொறுப்பார்கள். அதுவரைக்கும் ஒருத்தனும் கை வைக்க மாட்டான். அந்தச் சாலையில் போலீசுக்கு இல்லாத மரியாதை அந்தக் கைலிக்கு இருந்தது.

என் அண்ணன் அந்த வரிசையில் ஒரு டிரைவர். அவனுக்குச் சர்க்கரை. கன்டெய்னரை வண்டியோடு பூட்டுகிற இரும்புக் கொண்டி இடது காலில் விழுந்து, சுண்டு விரலுக்குக் கீழே புண்ணாகிவிட்டது. இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். அது போனால் அவன் டிரைவர் இல்லை. திருவொற்றியூரில் கட்டுப் போடுகிற டிஸ்பென்சரி நர்ஸ் அக்கா அதை அவனிடம் மறைக்கவில்லை.

"தெனம் கட்டு மாத்துனா பொழைக்கும். இல்லன்னா விரல்ல ஆரம்பிப்பாங்க. அப்பால மேல மேல எடுத்துகினே போவாங்க. உனக்கு எது தோதோ பாத்துக்க."

தினமும் போவது எப்படி? ஷேர் ஆட்டோவில் போய், அங்கே காத்திருந்து, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஹாரன் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது. ஒரு நாள் துணிந்து போனான். விசில் ஊதிவிட்டது. திரும்பி வந்தபோது முன் கண்ணாடி இல்லை. புருவத்தைக் கிழித்துவிட்டார்கள். அந்தப் பச்சைப் பக்கெட்டில் தண்ணீர் எடுத்து நான்தான் கழுவினேன். அதற்கப்புறம் அவன் டிஸ்பென்சரிக்குப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனேன். கேபினில் ஏறியதும் நாற்றம் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போ ணா."

"போனா வண்டிய யாரு நவுத்துவா? உன் மேனேஜரா?"

"கால் நாறுது."

"ரோடே நாறுது பாப்பா. ஒண்ணுக்கொண்ணு ஜோடி."

பின்னால் நின்ற வண்டியின் டிரைவர், காசிமேட்டுக்காரர், சன்னலில் தலையை நீட்டினார். முன்னே படகில் போய்க்கொண்டிருந்தவர், அப்புறம் டிரெய்லருக்கு வந்தவர். எப்போதும் இறால் பெட்டிதான் ஏற்றுவார். குளிர் பெட்டி. பெட்டிக்கென்று ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். "இன்னா மாமு, தங்கச்சி சோறு எட்தாந்துச்சா? எனக்கும் ஒரு வாய் குடேன். காலு நாத்தத்துல பசியே எடுக்க மாட்டேங்குது" என்றார். அண்ணன் பாதிச் சோற்றை மூடியில் போட்டுக் கொடுத்தான். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. எந்த நேரத்தில் இறங்கலாம் என்று தெரியாததால் ஒருத்தனுடைய கால் அழுகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் எனக்குத் தெரியும். என் எதிரில் இருந்த கம்ப்யூட்டரில் அது ஓடிக்கொண்டிருந்தது.

இந்தச் சுற்றில் எத்தனையாவது வண்டி உள்ளே போகிறது என்று காட்ட நான் ஏற்கெனவே ஒரு வெப் பக்கம் எழுதியிருந்தேன். வேறொன்றும் இல்லை, பெரிய எழுத்தில் ஒரு எண். ஒன்றிலிருந்து இருபது வரை. கேட் கம்ப்யூட்டரையே ஒரு வெப் சர்வராக ஆக்கி அதில் போட்டிருந்தேன். மேனேஜர் தன் அறையில் உட்கார்ந்தபடி அதைப் பார்ப்பார். யார்டுக்குள் ஒயரால் இணைத்த கம்ப்யூட்டர்களில் மட்டும் தெரியும். வெளியே இருக்கிற யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடாதபடி மோடத்தைப் பூட்டியிருந்தார்கள். அதன் பாஸ்வேர்டு ஹெட் ஆபீஸில் ஒருத்தனிடம் இருந்தது. அவனிடம் கேட்டேன். "உன் வேலையைப் பார்" என்றான்.

போன் செய்யலாமே என்று கேட்பீர்கள். புரோக்கர்களுக்குத் தகவல் போகிறது என்று எங்கள் செல்போனை எல்லாம் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆபீஸ் போனுக்குப் பூட்டு, சாவி மேனேஜர் பையில். போன் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள் ஒருத்தி தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். வெளிநாட்டில், எப்போதும் நெட்டில் இருக்கிற ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ள வரதுக்குத்தானேடி பூட்டு? உள்ளேர்ந்து வெளிய போறதுக்குப் பூட்டு இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப நீ உள்ளேர்ந்து என் மெஷினுக்கு ஒரு லைன் புடிச்சு வை. என் மெஷின் கதவை யாராவது தட்டுனா, அதே லைன் வழியா உன்கிட்ட அனுப்பிடும். டனல்னு பேரு."

அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. யார்டு சுவரில் நாங்கள் தினமும் செய்கிற வேலைதான் அது. டீக்கடைக்காரரை கேட்டுக்குள் விட மாட்டார்கள். அதனால் உள்ளே வேலை செய்கிறவர்கள் சுவருக்கு மேலே ஒரு கயிற்றை வெளியே விடுவார்கள். அவர் தூக்கைக் கட்டுவார். இவர்கள் இழுத்துக்கொள்வார்கள். கேட் பூட்டித்தான் இருக்கும். ஆனால் கயிறு உள்ளேயிருந்து போனது. அதனால் டீ வரும்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க" என்றாள் அவள். "லைன் அறுந்துச்சுன்னா அதுவா திரும்பக் கட்டிக்காது. அதுக்குத் தனியா ஒண்ணு எழுதணும்."

"அப்பறம் எழுதிக்கலாம்" என்றேன்.

மறுநாள் மத்தியானமே கயிற்றை விட்டேன். ஒரு கறுப்பு ஜன்னல், அதில் இரண்டு வரி. அதைச் சுருக்கிக் கீழே தள்ளி வைத்தேன். சாயங்காலம் டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் விலாசத்தைத் தட்டினேன். என் எண் வந்தது. பதினொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டானது. பூட்டிய சுவருக்குப் பின்னால், நாலு கிலோமீட்டர் தள்ளி, என் ஷிஃப்டுக்கு அடுத்து வந்தவன் ஒரு வண்டியை ஏற்றியிருக்கிறான். பிறந்ததிலிருந்து நான் செய்த எந்த வேலையும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "விசில் ஊதி வண்டிய நவுத்தினதும் கைலியக் கட்டிட்டுக் கெளம்பு. கட்டுப் போட்டுகினே சென்டர்காரரக் கேட்டுகினு இரு. பதினேழு வந்துச்சுன்னா பாதிக் கட்டுலயும் எழுந்து வந்துடு."

"மெசினு பொய் சொல்லாதுல்ல?"

"மனுசன்தான் சொல்லுவான்."

அவன் போனான். பதினேழு வந்ததும் வந்தான். விசில் ஊதியபோது ஸ்டீயரிங்கில் இருந்தான். மறுநாளும் அப்படித்தான். மூன்றாவது நாள் இறால் வண்டிக்காரரும் அதைப் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் ஏழெட்டுப் பேர். குளிக்கப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள், ஒருத்தன் தண்டையார்பேட்டை வரைக்கும் போய்ப் பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தான். எல்லா வண்டியிலும் கைலி தொங்கியது. கேட்டில் பச்சைப் பக்கெட் காய்ந்து கிடந்தது. வாட்ச்மேன் அதில் டீ கிளாஸ் கழுவலாமா என்று யோசித்தார். பத்து நாள் கழித்து நர்ஸ் அக்கா, சிவப்புச் சதை வைக்கிறது, இனி பயமில்லை என்று சொன்னாராம். அன்றைக்கு அண்ணன் எனக்கு அரைக் கிலோ ஜிலேபி வாங்கி வந்தான். அவன் சாப்பிடக் கூடாது. நான் ஒருத்தியே தின்றேன்.

பதின்மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு மேல் கரண்ட் போனது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. கேட் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்ததால் அது அணையவில்லை. என் பக்கத்தில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான் வண்டி நம்பரை ஏற்றிக்கொண்டே இருந்தேன். மோடத்துக்கு யுபிஎஸ் இல்லை. அது அணைந்து எரிந்தது. கயிறு அறுந்தது. கீழே சுருக்கி வைத்திருந்த கறுப்பு ஜன்னலை நான் திறந்து பார்க்கவில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. அதனால் வெளியேயும் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். சுவருக்கு உள்ளே நிற்கிறவனுக்குத் தன் கையில் இருக்கிற கயிறு மட்டும்தான் தெரியும்.

அந்தச் சுற்றில் இருபதும் உள்ளே போய், அடுத்த சுற்றுக்கு விசிலும் ஊதியாகிவிட்டது. வண்டி வரவில்லை. பத்து நிமிடம் கேட் காலியாகக் கிடந்தது. அப்புறம் வரிசையின் முன்பாதியிலிருந்து ஒரு வண்டி வந்தது. டிரைவர் டோக்கனை நீட்டிக்கொண்டே சொன்னான்.

"பின்னால பேஜாராயிட்சி மேடம். ஒரு வண்டி கைலியோட நின்னுகினு கீது. ஆளக் காணோம். முன்னால நின்னவங்கோகூட வண்டிய வுட்டு எறங்கிட்டாங்கோ."

"என்ன கைலி?"

"நீலக் கட்டம்."

அண்ணனுடைய கைலி. சீல் அறுக்கிற கட்டர் மேசையில் கிடந்தது. இரண்டு நீளக் கைப்பிடி வைத்த இரும்பு. எதற்கு எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். நிலக்கரித் தூள் பறக்கிற சாலையில், செருப்பு ஒன்று கழன்று விழுந்தும் எடுக்காமல் ஓடினேன். ஹாரன் சத்தம் ஒரே சுவர் மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் டிரைவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தன்கூட நிறுத்தி என்ன என்று கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியிருக்கிறான். அவசரப்படக்கூட இல்லையாம். எண் ஒன்பதில்தான் நிற்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று கையில் நாஸ்டா பொட்டலத்தோடு நடந்து வந்திருக்கிறான். அதுதான் அவர்களை இன்னும் வெறியாக்கியது. நான் போனபோது அவனை முன் சக்கரத்தில் சாய்த்து வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அதன் மேலே இட்லியும் சாம்பாரும் கொட்டியிருந்தன. இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்திருந்தார்கள். அடித்தவர் இறால் வண்டிக்காரர். மாமு மாமு என்று இவன் சோற்றைத் தின்றவர். அவருடைய ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. டீசல் தீர்ந்துவிட்டது. யார்டுக்குள் போனால்தான் டீசல் கிடைக்கும். பெட்டிக்குள்ளே இறால் செத்த வாடை ஏற ஆரம்பித்திருக்கும்.

"கைலி கட்டினு எங்கடா பூட்ட? பொய்க் கைலியாடா கட்டுன? சொல்லு, பொய்க் கைலியா கட்டுன?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. வீல் ஸ்பேனர். முதலில் தொடையில், அப்புறம் முழங்காலில். அண்ணன் வலது காலை மடக்கிக்கொண்டான். இடது காலை மடக்க முடியவில்லை. "மாமு, ஒம்பதுதான் மாமு. ஒம்பதுதான் காட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்பேனர் கட்டின் மேலே விழுந்தது. அன்றைக்குப் புதிதாகப் போட்ட வெள்ளைக் கட்டு. ஒரே அடியில் சிவப்பானது. திரும்பவும் அங்கேயே விழுந்தது.

நான் கட்டரைத் தலைக்கு மேலே தூக்கி அவர் தோளில் போட்டேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து நான் நல்லவளாக வேண்டியதில்லை. அவர் உட்கார்ந்தார். நான் இன்னொரு தடவை தூக்கினேன். யாரோ பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தான். அவன் கையைக் கடித்தேன். உப்பும் கிரீஸும் வாயில் வந்தது. அவன் என்னைப் பாறைப் பக்கம் தூக்கிப் போட்டான். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடியது. அப்புறம் விசில் சத்தம் கேட்டது. தடுக்க வேண்டிய நேரத்தில் வராத போலீஸ் அப்போதுதான் லத்தியோடு வந்து அடிபட்டவனையும் அடித்தவனையும் சேர்த்து அடித்தார். வண்டிகளை நகர்த்துவதுதான் அவருக்கு அவசரம். யாரோ அண்ணன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் வண்டியை ஓரங்கட்டினார்கள். நீலக் கட்டக் கைலி கண்ணாடியிலிருந்து அவிழ்ந்து சக்கரத்துக்கு அடியில் போனது. பின்னால் வந்த அறுபது வண்டியும் அதன் மேலே ஏறிப் போயின. இறால் வண்டி கடைசியில் போனது, வேறு யாரோ ஓட்டி.

அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல், கிழிந்த உதட்டோடும் ஒற்றைச் செருப்போடும் மறுநாள் யார்டுக்குப் போனேன். பாஸ்வேர்டு வைத்திருந்த ஹெட் ஆபீஸ்காரன் வந்து உட்கார்ந்திருந்தான். அடிதடியை விசாரிக்கப்போய் எண் விஷயம் தெரிந்து, ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

"கம்பெனி விஷயத்தை ஊருக்கே திறந்து வச்சிருக்க. திருட்டு இல்லையா இது?"

"எண் சார் அது. ஒண்ணுலேர்ந்து இருபது. அதுல எதை நான் திருடிட்டேன், பதினேழையா?"

"வாயை மூடு. உங்க ஏரியா புத்தி."

மீதி இருந்த ஒரு செருப்பைக் கழற்றி அடித்தேன். அதோடு வேலை போனது. மேனேஜர் குறுக்கே வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தார். பதிலுக்கு நானும் வைத்தேன். வாட்ச்மேன் என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார். "பல்லு ஆடுதுமா, உப்புத் தண்ணி கொப்பிளி" என்றார். அங்கே எனக்கு நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஒன்பது என்று அண்ணன் சொன்னது என் தலைக்குள் நின்றுகொண்டே இருந்தது. கயிறு அறுந்தால் பக்கமே வரக்கூடாது. ஒன்றும் தெரியவில்லை என்றால் அவன் பயந்து உடனே கிளம்பியிருப்பான். எங்கிருந்து வந்தது ஒன்பது? நாலாம் நாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சென்டர்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பயந்துபோயிருந்தார்.

"நா இன்னா மேடம் பண்ணேன்? அண்ணன் கேட்டாரு, பாத்து சொன்னேன். ஒம்போதுதான் இருந்திச்சு. சத்தியமா."

"இப்போ போட்டுக் காட்டு."

விலாசத்தைத் தட்டினார். அவருடையது போன் லைனில் போகிற பழைய இணைப்பு. பக்கம் வரவில்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடி முயற்சிக்கவா, இல்லை இணைப்பு இல்லாமலே பார்க்கிறாயா என்று இரண்டு பட்டன். அவர் யோசிக்கவேயில்லை. இரண்டாவது பட்டனை அமுக்கினார். கம்ப்யூட்டர் தன்னிடம் முன்பு சேர்த்து வைத்திருந்த பக்கத்தை எடுத்துப் போட்டது. பெரிய எழுத்தில் ஒன்பது.

"லைன் புட்டுகினா இப்டிதான் மேடம் வரும். இந்தப் பட்டன அமுக்குனா சரியாப் பூடும். அல்லாருக்கும் அப்டிதான் பண்ணிக் குடுப்பேன்."

நாலு நாளைக்கு முந்திய ஒன்பது. யார்டில் ஒயரே இல்லை. என் சர்வரே இல்லை. ஆனால் ஒன்பது இருந்தது. கீபோர்டைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். பட்டன்கள் சிதறின. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எப்டி மேடம் தெரியும்? அதுல ஒண்ணும் எழுதலயே" என்றார்.

அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். எண். அவ்வளவுதான். இந்த எண் எத்தனை மணிக்கு உள்ள எண் என்று நான் எழுதவில்லை. கீழே வலது மூலையில் அவருடைய கம்ப்யூட்டரின் மணி ஓடிக்கொண்டிருந்தது. அது சரியான மணி. அண்ணனும் அதைத்தான் பார்த்திருப்பான். மணி ஓடுகிறது, அதனால் எண்ணும் ஓடுகிறது என்று நினைத்திருப்பான். ஒரே திரை, ஒரே வெளிச்சம். அதில் ஒன்று உயிரோடு இருக்கிறது, இன்னொன்று செத்துவிட்டது என்று அவனுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அடிக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். அப்புறம் பாதம். நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே மேலே மேலே போய், முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு நிறுத்தினார்கள். மூன்றாவது மாதம் வீட்டுக்கு வந்தான். அண்ணி அவனைச் சுவரோரம் பாயில் உட்கார வைத்தாள். இறால் வண்டிக்காரர் ஒரு நாள் தோள் ஒரு பக்கம் சரிந்தபடி வந்து வாசலில் நின்றார். அண்ணன் உள்ளே வரச் சொன்னான். நான் வழியை மறித்து நின்றேன். அவர் போய்விட்டார்.

ஒரு நாள் காலை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே எல்லாவற்றையும் கேட்டான். கயிறு, கரண்ட், மோடம், அந்தப் பட்டன். எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை.

"உன் கம்ப்யூட்டருக்கு மணி தெரியுமா பாப்பா?"

"தெரியும்."

"அப்ப அது எந்த மணிக்கு ஒம்போதுன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம்."

"எவ்ளோ வேல அது?"

"ஒரு வரி."

அவன் கையை நீட்டிப் பாயைச் சொறிந்தான். கால் இருந்திருந்தால் பாதம் எங்கே இருக்குமோ, அந்த இடத்தை. அங்கே அரிக்கும் என்று சொல்வான். வெறும் கோரைப் பாய் சரசரவென்று சத்தம் போட்டது. நான் அவன் கை எட்டுகிற தூரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். முகத்தையும் கொஞ்சம் நீட்டி வைத்தேன். அவன் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வருஷம் டிரெய்லர் ஸ்டீயரிங் பிடித்த கை. ஒன்று வைத்திருந்தால் மீதிப் பல்லும் போயிருக்கும்.

"நாஸ்டா ஆச்சான்னு அண்ணிகிட்ட கேளு" என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.